எல்லா ஆன்டிபயாடிக்கையும் 10 மி.லி.யில் கலக்கித் தள்ளலாமா?

வாசகர் கேள்வி:

அன்புள்ள அக்கா, பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு ஒரு தனியார் மருத்துவமனையில் மெடிக்கல் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். இரவு டியூட்டியில் வார்டுக்கு இரண்டே பேர். அதனால் 10 மணிக்குப் போட வேண்டிய ஆன்டிபயாடிக் எல்லாவற்றையும் ஒன்பதரைக்கே 10 மி.லி. டிஸ்டில்ட் வாட்டரில் கரைத்து, சிரிஞ்சில் எடுத்து, டிரேயில் அடுக்கிவிடுவோம். "ஸ்லோவா தள்ளு, ஒண்ணும் ஆகாது" என்பார் சீனியர். போன வாரம் வான்கோமைசின் போட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு பெரியவருக்கு முகம், கழுத்து, மார்பு எல்லாம் சிவந்து அரிப்பு எடுத்தது. மூச்சு, பி.பி. சரியாக இருந்தது. கேஸ் ஷீட்டில் வான்கோமைசின் அலர்ஜி என்று எழுதி மருந்தை மாற்றிவிட்டார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. எதைத் தள்ளலாம், எதை டிரிப்பில்தான் போட வேண்டும்? ஆர்.எல்.லில் (ரிங்கர் லாக்டேட் டிரிப்) கலக்கலாமா? டெஸ்ட் டோஸ் போட்டுவிட்டால் பயமில்லையா? சீனியரிடம் இதை எப்படி எடுத்துச் சொல்வது?

பின்குறிப்பு: பாதி வயல் (மருந்துக் குப்பி) மிச்சமானால் ஃபிரிட்ஜில் வைத்துக் காலை டோஸுக்கு எடுக்கிறோம். சரியா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்தப் பெரியவரைப் பற்றிப் பேசிவிடுவோம். மூச்சும் பி.பி.யும் சரியாக இருந்து, இடுப்புக்கு மேலே மட்டும் சிவந்து அரித்தது என்றால் அது பெரும்பாலும் அலர்ஜி இல்லை, மருந்து போன வேகத்தால் வந்தது. வான்கோமைசின் வேகமாக ரத்தத்தில் ஏறினால் மாஸ்ட் செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்களிலிருந்து, சிவப்பும் அரிப்பும் தருகிற ஹிஸ்டமின் நேரடியாக வெளியே கொட்டும். அலர்ஜிக்கு வேண்டிய ஆன்டிபாடி எதுவும் இதில் தேவையில்லை. அதனால்தான் வாழ்க்கையில் முதல்முறையாக அந்த மருந்தை வாங்குகிறவருக்குக்கூட இது வரும். ரெட் மேன் சிண்ட்ரோம் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். இப்போது வான்கோமைசின் இன்ஃப்யூஷன் ரியாக்‌ஷன் என்று எழுதுகிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். 500 மி.கி. வயலை 10 மி.லி.யில் கரைத்தால் 1 மி.லி.யில் 50 மி.கி. இருக்கும். சாதாரண கை நரம்பில் 1 மி.லி.க்கு 5 மி.கி.யைத் தாண்டக் கூடாது. ஆக, பத்து மடங்கு கெட்டி. அதை 5 நிமிடம் பொறுமையாகவே தள்ளினீர்கள் என்று வைத்துக்கொண்டாலும் நிமிடத்துக்கு 100 மி.கி. போகிறது. அனுமதி நிமிடத்துக்கு 10 மி.கி. இதிலும் பத்து மடங்கு. சிவப்போடு நின்றது அவர் அதிர்ஷ்டம். இதே வேகத்தில் பி.பி. படுத்துவிட்டவர்களும் இதயம் நின்றுபோனவர்களும் உண்டு.

சரியான முறை இது. 500 மி.கி. வயலில் 10 மி.லி., 1 கிராம் வயலில் 20 மி.லி. ஸ்டெரைல் வாட்டர் விட்டுக் கரைக்க வேண்டும். பிறகு 500 மி.கி.க்குக் குறைந்தது 100 மி.லி., 1 கிராமுக்குக் குறைந்தது 200 மி.லி. நார்மல் சலைன் அல்லது 5% டெக்ஸ்ட்ரோஸில் சேர்க்க வேண்டும். 500 மி.கி.யை ஒரு மணி நேரத்துக்குக் குறையாமலும், 1 கிராமை 100 நிமிடமும் ஓட்ட வேண்டும். நடுவில் சிவந்தால் நிறுத்தி, டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டு, அவர் எழுதும் ஆன்டிஹிஸ்டமின் கொடுத்து, அடங்கியதும் பாதி வேகத்தில் தொடங்குவார்கள். மூச்சுத் திணறல், விசில் சத்தம், நாக்கு உதடு வீக்கம், பி.பி. சரிவு, இதில் எது வந்தாலும் கதை வேறு. அப்போது அது அனாஃபிலாக்சிஸ் (உயிருக்கே ஆபத்தான அலர்ஜி) என்றே வைத்து அட்ரினலின் எடுங்கள்.

கேஸ் ஷீட்டில் எழுதிய அந்த அலர்ஜி என்ற குறிப்பு சும்மா கிடக்காது. நாளைக்கு அவருக்கு வழக்கமான பென்சிலின் வகை மருந்துகளுக்கு அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமி வந்து வான்கோமைசின்தான் வழி என்று ஆனால், இந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு யாரும் அதைத் தொடமாட்டார்கள். எனவே எந்த அளவில் கரைத்து எத்தனை நிமிடத்தில் போனது என்பதை உள்ளபடியே டாக்டரிடம் சொல்லுங்கள். குறிப்பை மாற்றுவதா என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர். இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு நர்ஸும் புகார்ப் படிவம் அனுப்பலாம். கட்டணமில்லா எண் 1800-180-3024. அது யாரையும் மாட்டிவிடுவதற்கான படிவம் இல்லை.

சரி, இந்த 10 மி.லி. பழக்கம் எங்கிருந்து வந்தது? செஃப்ட்ரியாக்சோன் பெட்டியில் வயலோடு 10 மி.லி. ஸ்டெரைல் வாட்டர் ஆம்பூல் ஒன்றும் வரும். நம் வார்டுகளில் அதிகம் ஓடுகிற ஊசி அது. அந்த ஒரு மருந்துக்குச் சரியாக இருந்த முறை, கேள்வி கேட்பாரில்லாமல் மற்ற எல்லாவற்றுக்கும் பரவிவிட்டது என்றுதான் நினைக்கிறேன். வயலில் பொடியைக் கரைப்பது ஒரு வேலை. கரைத்ததைப் போதிய அளவு திரவத்தில் சேர்த்து நீர்க்க வைப்பது இரண்டாவது வேலை. சில மருந்துக்கு முதலாவது போதும். பலவற்றுக்கு இரண்டும் வேண்டும்.

பெரியவர்களுக்குத் தள்ளக்கூடியவை என்றால் செஃப்ட்ரியாக்சோன் 1 கிராம், 10 மி.லி.யில், 2 முதல் 4 நிமிடம். 2 கிராம் என்றால் நான் 100 மி.லி.யில் அரை மணி நேரம் ஓட்டத்தான் சொல்வேன். மெரோபெனெம் 1 கிராமுக்கு 10 போதாது, 20 மி.லி. வேண்டும். 3 முதல் 5 நிமிடம். அமாக்சிசிலின்-கிளாவுலனேட் 1.2 கிராமும் 20 மி.லி.யில், 3 முதல் 4 நிமிடம். செஃபோடாக்சிமையும் 3 முதல் 5 நிமிடத்தில் தள்ளலாம். ஆனால் அதை சென்ட்ரல் லைன் (இதயத்துக்கு அருகே பெரிய நரம்பில் முடியும் குழாய்) வழியே ஒரு நிமிடத்துக்குள் தள்ளி இதயத் துடிப்பு தாறுமாறான சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. ஆம்பிசிலின் 1 கிராமோ அதற்கு மேலோ என்றால் 10 முதல் 15 நிமிடம் எடுக்க வேண்டும், வேகம் கூடினால் ஃபிட்ஸ் வரலாம். அவ்வளவு நேரம் யார் நின்று தள்ளுவது? அதையும் டிரிப்பில் விடுவதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

ஸ்லோவாகத் தள்ளுவது என்றால் என்ன என்று ஒரு தடவை கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். 20 மி.லி.யை 5 நிமிடத்தில் தள்ள வேண்டும் என்றால் 15 விநாடிக்கு 1 மி.லி. அடுத்த பெட்டில் மணி அடிக்கும்போது நம் கை தானாக வேகம் எடுக்கும். ஸ்லோ என்று நாம் நினைப்பது பல நேரம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

எந்த அவசரத்திலும் தள்ளக் கூடாதவற்றை மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளுங்கள். வான்கோமைசினைச் சொல்லிவிட்டேன். கிளிண்டாமைசினை நீர்க்காமல் தள்ளினால் பி.பி. சரிந்து இதயமே நின்றுபோகலாம். 600 மி.கி.யை 50 மி.லி.க்குக் குறையாத திரவத்தில் 20 நிமிடமாவது ஓட்ட வேண்டும், நிமிடத்துக்கு 30 மி.கி. தாண்டக் கூடாது. அசித்ரோமைசின் 500 மி.கி.யை 4.8 மி.லி. ஸ்டெரைல் வாட்டரில் கரைத்து, 250 மி.லி.யில் என்றால் ஒரு மணி நேரம், 500 மி.லி.யில் என்றால் மூன்று மணி நேரம். அதைத் தசையிலும் போடக் கூடாது. அமிகாசின் ஏற்கெனவே திரவமாக வருவதால் அப்படியே தள்ளிவிடத் தோன்றும். அது 100 முதல் 200 மி.லி.யில் 30 முதல் 60 நிமிடம் போக வேண்டிய மருந்து. பாட்டிலாகவே வரும் சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் 500 ஆகியவற்றுக்கு ஒரு மணி நேரம், லீவோ 750 என்றால் ஒன்றரை மணி நேரம். டிரிப் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரோலரை முழுசாகத் திறந்துவிட்டால் பி.பி. இறங்கும். "சீக்கிரம் முடியட்டுமே" என்று அட்டெண்டரே ரோலரைத் திறந்துவிடுவது நம் ஊரில் சாதாரணம். அதனால் தொடங்கும்போதே கூட இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

பென்சத்தைன் பென்சிலின் பற்றித் தனியாக ஒரு எச்சரிக்கை. ருமாட்டிக் இதய நோய்க்காரர்களுக்கு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை இடுப்பில் போடுகிற, பால்போல் வெள்ளையாக இருக்கும் ஊசி அது. கிரிஸ்டலைன் பென்சிலின் நரம்பில் போகும், இது போகவே கூடாது. போனால் உயிர் போகும். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருந்தால் இன்றைக்கே பிரித்துவையுங்கள்.

பிப்பராசிலின்-டாசோபாக்டம் 4.5 கிராம் உங்கள் வார்டில் நிச்சயம் ஓடும். 20 மி.லி. விட்டால் உடனே கரையாது, சில நேரம் பத்து நிமிடம்கூட ஆகும். பொறுமை இல்லாமல் வேகமாகக் குலுக்கினால் நுரைதான் வரும். உள்ளங்கையில் வைத்து உருட்டுங்கள். முழுசாகத் தெளிந்ததும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்துவிட்டு 100 மி.லி.யில் சேர்த்து அரை மணி நேரம் ஓட்டுங்கள். ஐ.சி.யூ.க்களில் இதையே நான்கு மணி நேரம், மெரோபெனெமை மூன்று மணி நேரம் ஓட்டச் சொல்வதுண்டு. இந்த வகை மருந்துகள் கிருமியைக் கொல்வது, ரத்தத்தில் எவ்வளவு நேரம் போதிய அளவில் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. அதனால் இழுத்து ஓட்டுகிறார்கள். அந்த முடிவு டாக்டர் ஆர்டரில் இருக்க வேண்டும். நாமாக நீட்டவும் கூடாது, சுருக்கவும் கூடாது.

ஆர்.எல். பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதில் கால்சியம் இருக்கிறது. செஃப்ட்ரியாக்சோன் கால்சியத்தோடு சேர்ந்தால் கரையாத படிகமாகிவிடும். பச்சிளம் குழந்தைகள் சிலருக்கு நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் அந்தப் படிகம் படிந்து உயிர் போனது தெரியவந்து, 2007-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விட்டது. 28 நாள் வரையுள்ள குழந்தைக்குக் கால்சியம் கலந்த டிரிப் தேவைப்படுகிறது என்றால் செஃப்ட்ரியாக்சோனே கூடாது. பெரியவர்களுக்கும் ஆர்.எல்.லில் கரைக்கக் கூடாது, ஆர்.எல். ஓடிக்கொண்டிருக்கும் லைனில் சைடு போர்ட் வழியாகவும் விடக் கூடாது. ஆர்.எல்.லை நிறுத்தி, சலைனால் லைனை நன்றாகக் கழுவிவிட்டுப் போட்டு, மறுபடி கழுவி, பிறகு ஆர்.எல்.லைத் தொடரலாம். கால்சியம் குளுக்கோனேட்டுக்கும் இதேதான்.

பொதுவாக, சந்தேகம் என்றால் நார்மல் சலைன். ஆம்பிசிலினும் அமாக்சிசிலின்-கிளாவுலனேட்டும் டெக்ஸ்ட்ரோஸில் சீக்கிரம் சிதைந்துபோகும், மெரோபெனெமும் சலைனில்தான் கொஞ்சம் தாங்கும். இதற்கு நேர் எதிர் ஆம்போடெரிசின். பூஞ்சைக்கான மருந்துதான் என்றாலும் ஆன்டிபயாடிக் டிரேயில்தான் அதுவும் வரும். சலைன் பட்டாலே திரிந்துவிடும். ஸ்டெரைல் வாட்டரில் கரைத்து 5% டெக்ஸ்ட்ரோஸில் ஓட்டி, லைனையும் டெக்ஸ்ட்ரோஸாலேயே கழுவ வேண்டும். சாதாரண ஆம்போடெரிசினும் லைபோசோமல் ஆம்போடெரிசினும் அளவில் ஒன்றுக்கொன்று ஈடு இல்லை. லைபோசோமலுக்கு எழுதிய அளவைச் சாதாரண வகையில் போட்டால் ஆளே போய்விடலாம். அந்தப் பெட்டியை மட்டும் இரண்டு பேர் படித்துப் பார்க்காமல் திறக்காதீர்கள்.

ஒரே வென்ஃப்ளானில் (கை நரம்பில் போட்டுவைத்த ஊசிக்குழாய்) ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளும்போதும் இதே கவனம் வேண்டும். பிப்பராசிலின் அமிகாசினைச் செயலிழக்கச் செய்யும், வான்கோமைசினோடு பீட்டா-லாக்டம் (பென்சிலின், செஃபலோஸ்போரின் வகை) மருந்துகள் சேர்ந்தால் லைனிலேயே வெள்ளையாகத் திரியலாம். காலையில் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டாப்ரசோலையும் ஆன்டிபயாடிக்கையும் ஒரே மூச்சில் தள்ளுவதும் அப்படித்தான், அது பலவற்றோடு ஒத்துப்போகாது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் 10 மி.லி. சலைன் விடுங்கள். அந்த சலைனை 10 மி.லி. ஆம்பூலிலிருந்து எடுங்கள். ஒரு அரை லிட்டர் பாட்டிலில் ஊசியைக் குத்திவைத்து, வார்டு முழுக்க அதிலிருந்தே உறிஞ்சுகிற பழக்கத்தைப் பல இடத்தில் பார்த்திருக்கிறேன். ஒரு கை அழுக்கானால் போதும், வார்டுக்கே ரத்தத்தில் கிருமி.

இப்போது அந்த ஒன்பதரை மணி டிரே. உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் பயம் தந்தது வான்கோமைசின்கூட இல்லை, இதுதான். நிறமில்லாத திரவம் நிறைந்த, ஒரே மாதிரியான சிரிஞ்சுகள் வரிசையாக இருந்தால், லேபிள் இல்லாதபோது எது யாருடையது என்று உங்களாலேயே சொல்ல முடியாது. நடுவில் ஒரு எமர்ஜென்சி வந்து டிரே கைமாறினால் கேட்கவே வேண்டாம். அமாக்சிசிலின்-கிளாவுலனேட்டைக் கரைத்த 20 நிமிடத்துக்குள் தள்ளிவிட வேண்டும். ஒன்பதரைக்குக் கரைத்தது கடைசி பெட்டுக்குப் போகும்போது பத்தேகால் ஆகியிருக்கும். ஒரு நோயாளிக்கு உரியதை மட்டும் கரைத்து, அவரிடமே எடுத்துப்போய், கைப்பட்டையில் பெயரும் ஐ.பி. எண்ணும் பார்த்துப் போட்டுவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். நேரம் கூடும் என்று நினைப்பீர்கள். டிரிப்பில் போக வேண்டியவற்றை முதலில் தொங்கவிட்டு, அவை ஓடும்போது தள்ள வேண்டியவற்றை முடித்தால் அவ்வளவாகக் கூடாது.

பாட்டிலில் ஒட்டும் லேபிளில் நோயாளி பெயர், மருந்து, அளவு, எந்தத் திரவம் எத்தனை மி.லி., தொடங்கிய நேரம், சொட்டு வேகம், உங்கள் கையெழுத்து இவ்வளவும் வேண்டும். பிளாஸ்திரியில் "மெரோ" என்று மட்டும் எழுதி ஒட்டுவது லேபிள் ஆகாது.

கரைக்க எடுக்கிற ஆம்பூல் விஷயம் இன்னொன்று. டிஸ்டில்ட் வாட்டர் ஆம்பூலும் பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலும் இரண்டுமே 10 மி.லி., இரண்டுமே தண்ணீர் மாதிரி. நம் ஊரில் வரும் 15% பொட்டாசியம் குளோரைடு ஆம்பூல் ஒன்றில் 20 மில்லி ஈக்விவலன்ட் இருக்கிறது. தண்ணீர் என்று நினைத்து அதில் செஃப்ட்ரியாக்சோனைக் கரைத்துத் தள்ளினால் ஊசி முடிவதற்குள் இதயம் நின்றுவிடும். இரவு 2 மணிக்கு, மங்கலான டியூப் லைட்டில், ஒரே டிராயரில் இரண்டும் கலந்து கிடந்தால் இது நடக்காது என்று யாராலும் சொல்ல முடியாது. பொட்டாசியம் ஆம்பூலை ஊசி போடும் டிராலியிலிருந்தே எடுத்துவிடுங்கள். தனிப் பெட்டி, தனிப் பூட்டு, சிவப்பு லேபிள். வார்டில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்னும் அப்படியே. செஃப்ட்ரியாக்சோனை இடுப்பில் போட அதில் கரைப்பதுண்டு, அப்படிக் கரைத்தது நரம்புக்குள் போகவே கூடாது.

சொட்டுக் கணக்கு உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். ஐ.வி. செட் உறையில் 1 மி.லி.க்கு எத்தனை சொட்டு என்று போட்டிருக்கும். சாதாரண செட் பெரும்பாலும் 20, மைக்ரோ செட் 60. மி.லி.யை அந்த எண்ணால் பெருக்கி நிமிடத்தால் வகுத்தால் போதும். வான்கோமைசின் 200 மி.லி. 100 நிமிடத்தில் என்றால் நிமிடத்துக்கு 40 சொட்டு, அதாவது 15 விநாடிக்குப் பத்து. 100 மி.லி. அரை மணியில் என்றால் நிமிடத்துக்கு 67, ஒரு மணி என்றால் 33. நோயாளி கையை மடக்கினால் வேகம் மாறும், அதனால் பத்து நிமிடம் கழித்து ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

பாட்டில் காலியானதும் செட்டை மூடிக் கழற்றிவிடுகிறோம் இல்லையா? அந்தக் குழாய்க்குள் 15 முதல் 20 மி.லி. மருந்து நிற்கிறது. பிப்பராசிலின் 4.5 கிராமை மொத்தம் 120 மி.லி.யாக்கி ஓட்டினால், குழாயில் மட்டும் அரை கிராமுக்கு மேல் தங்கிவிடும். ஒவ்வொரு டோஸிலும் அதைக் குப்பையில் போட்டுக்கொண்டே "காய்ச்சல் இறங்கலையே" என்று மருந்தை மாற்றுவார்கள். மருந்து முடிந்ததும் அதே செட்டில் 25, 30 மி.லி. சலைனை அதே வேகத்தில் ஓட்டிவிட்டுக் கழற்றுங்கள். அதே வேகம் என்பது முக்கியம். வான்கோமைசின் முடிந்து ரோலரை முழுசாகத் திறந்து கழுவினால், குழாயில் இருந்தது மொத்தமும் ஒரே தள்ளாக உள்ளே போகும்.

இப்படி 100, 200 என்று சேர்ப்பதை இன்டேக் சார்ட்டில் ஏற்றுகிறீர்களா? மெரோபெனெம் 8 மணிக்கு ஒருமுறை 100 மி.லி., வான்கோமைசின் 12 மணிக்கு ஒருமுறை 200 மி.லி. என்றால் ஆன்டிபயாடிக்குக்காக மட்டும் ஒரு நாளைக்கு 700 மி.லி. சலைன். கழுவ விடுவது தனி. டயாலிசிஸ் நோயாளிக்கோ ஹார்ட் ஃபெயிலியர் நோயாளிக்கோ இது சின்ன அளவு இல்லை. அப்படிப்பட்டவர்களுக்கு எதைக் குறைந்த திரவத்தில் போடலாம் என்று டாக்டரிடமும் ஃபார்மசிஸ்டிடமும் கேளுங்கள். மெரோபெனெமைத் தள்ளிவிடலாம் என்று அவர்களே சொல்லக்கூடும்.

டெஸ்ட் டோஸ். தோலுக்கடியில் கொஞ்சம் போட்டுப் பார்த்து ஒன்றும் இல்லை என்றால் நிம்மதி வந்துவிடுகிறது. அந்த நிம்மதிதான் ஆபத்து. அதில் ஒன்றும் தெரியாதவருக்கும் முழு டோஸில் அனாஃபிலாக்சிஸ் வரலாம். முன்பு எந்தப் பிரச்சினையும் இல்லாதவருக்கு செஃபலோஸ்போரின் போடும் முன் வழக்கமாகத் தோல் சோதனை செய்வதால் பெரிய பயன் இல்லை. உங்கள் மருத்துவமனை விதி செய்யச் சொன்னால் செய்யுங்கள், ஆனால் அதை நம்பிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். "அலர்ஜி இருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்பார்கள். "முன்னாடி ஏதாவது ஊசியோ மாத்திரையோ போட்டு உடம்பு தடிச்சதா, மூச்சு முட்டுச்சா, மயக்கம் வந்துச்சா?" என்று கேளுங்கள், அப்போதுதான் கதை வெளியே வரும். முதல் டோஸ் தொடங்கிய ஐந்து, பத்து நிமிடம் கண் பார்வையிலேயே இருங்கள். தூங்குகிறவரை எழுப்பிவிட்டுப் போடுங்கள், அரிக்கிறது என்று தூக்கத்தில் யாரும் சொல்லமாட்டார்கள்.

அட்ரினலின் எங்கே இருக்கிறது என்று இருட்டிலும் தெரிய வேண்டும். பெரியவருக்கு 0.5 மி.கி. 1 மி.லி.யில் 1 மி.கி. இருக்கும் ஆம்பூலில் அரை மி.லி. எடுத்து, தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும். குழந்தைக்கு எடையில் ஒரு கிலோவுக்கு 0.01 மி.கி. சரியாகவில்லை என்றால் ஐந்து நிமிடத்தில் மறுபடி. அவிலும் (ஆன்டிஹிஸ்டமின்) ஹைட்ரோகார்டிசோனும் (ஸ்டீராய்டு) அதற்குப் பிறகுதான். இந்த வரிசையை எமர்ஜென்சி ஆர்டராக டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி வார்டில் வைத்திருப்பது உங்களுக்கும் பாதுகாப்பு.

ஜாக்கிரதை என்ற பெயரில் தாமதமும் ஆகிவிடக் கூடாது. செப்டிக் ஷாக் (கிருமித் தொற்றால் பி.பி. படுத்துவிடும் நிலை) என்றால் ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஆன்டிபயாடிக் போயாக வேண்டும் என்கிறது 2021-ல் வந்த சர்வதேச செப்சிஸ் வழிகாட்டி. மெரோபெனெமும் வான்கோமைசினும் சேர்த்து எழுதியிருந்தால் எதை முதலில் போடுவது? ரத்தம் கல்ச்சருக்கு எடுத்துவிட்டு மெரோபெனெமை முதலில் போடுங்கள், அது ஐந்து நிமிட வேலை. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் வான்கோமைசினை முதலில் தொங்கவிட்டால் மற்றது காத்துக்கிடக்கும்.

குழந்தைகள் வார்டுக்கு மாற்றினால் இன்னொரு கணக்கும் வரும். பொடியே கொஞ்சம் இடம் பிடிக்கும். செஃப்ட்ரியாக்சோன் 1 கிராமில் 9.6 மி.லி. விட்டால்தான் 1 மி.லி.க்கு 100 மி.கி. வரும் என்று ஒரு லேபிளில் இருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும். பெரியவருக்கு முழு வயலும் போவதால் கவலையில்லை. 150 மி.கி. வேண்டிய குழந்தைக்கு அந்த வித்தியாசம் டோஸிலேயே தெரியும். எனவே பெட்டிக்குள் மடித்திருக்கும் தாளைப் பிரித்துப் படித்துவிட்டு அளந்து விடுங்கள்.

உங்கள் உடம்பையும் பாருங்கள். வயலுக்குள் நீரை விட்ட அளவுக்குக் காற்றை சிரிஞ்சுக்குள் இழுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஊசியை எடுக்கும்போது மருந்து முகத்தில் பீச்சும். செஃப்டசிடிம் கரையும்போது அதுவே வாயு விடும், அதில் இன்னும் கவனம். வருஷக்கணக்கில் இப்படிச் சுவாசித்தே பென்சிலின் அலர்ஜி வாங்கிக்கொண்ட நர்ஸ்கள் உண்டு.

கடைசியாக சீனியர். அவரை நோயாளி முன்னாலோ மற்றவர்கள் முன்னாலோ மடக்காதீர்கள். "அக்கா, இந்த லீஃப்லெட்ல 200 மி.லி.ன்னு போட்டிருக்கு, நாம 10-ல கொடுக்கிறோமே, பார்த்துச் சொல்லுங்களேன்" என்று தாளைக் கையில் கொடுங்கள். அவர் அலட்சியமாகச் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு பேர் நாற்பது பெட்டைப் பார்க்கிற இடத்தில் அவர் கண்டுபிடித்த வழி அது. அப்புறம் இன்சார்ஜ் சிஸ்டரிடமும் ஃபார்மசிஸ்டிடமும் பேசி, உங்கள் வார்டில் ஓடும் பத்துப் பதினைந்து மருந்துக்கு மட்டும் ஒரு டைலூஷன் சார்ட் போடச் சொல்லுங்கள். கரைக்கும் அளவு, சேர்க்கும் திரவம், ஓட்டும் நேரம், எதோடு சேரக் கூடாது, இவ்வளவு போதும். டாக்டரும் ஃபார்மசிஸ்டும் கையெழுத்திட்டு, தேதி போட்டு, ஊசி தயார் செய்யும் மேசைக்கு மேலே ஒட்டுங்கள். நான் மேலே எழுதியவற்றையும் அந்த சார்ட்டோடும் பெட்டித் தாளோடும் ஒத்துப் பார்த்துவிட்டே பயன்படுத்துங்கள். சார்ட்டில் இல்லாத புது மருந்து வந்தால் ஃபார்மசிக்குப் போன் செய்த பிறகுதான் வயலைத் திறக்க வேண்டும் என்பதையும் அதிலேயே ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். அப்போது கேள்வி கேட்பது ஜூனியரின் அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரியாது, வார்டு விதியாகிவிடும்.

பின்குறிப்புக்குப் பதில்: வைக்கக் கூடாது. இந்த வயல்கள் ஒருமுறை பயன்பாட்டுக்கானவை, கிருமியைத் தடுக்கும் பொருள் எதுவும் அதில் இல்லை. கரைத்த பிறகு இத்தனை மணி நேரம் ஃபிரிட்ஜில் தாங்கும் என்று தாளில் போட்டிருப்பது மருந்தின் வீரியத்தைப் பற்றியது. ஊசி நுழைந்த வயல் வார்டு ஃபிரிட்ஜில் சுத்தமாக இருக்கும் என்று அதற்கு அர்த்தமில்லை. இன்சுலினை 28 நாள் வைக்கிறோமே என்று யாராவது கேட்பார்கள். அது பல தடவை எடுப்பதற்கென்றே தயாரித்த வயல். 500 மி.கி. அடிக்கடி தேவைப்பட்டால் 500 மி.கி. வயலையே ஃபார்மசியில் கேட்டு வாங்குங்கள். இப்போது ஃபிரிட்ஜில் இருக்கும் பாதி வயல்களை வாஷ்பேசினில் ஊற்றிவிடாதீர்கள். 2016-ம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிப்படி மிச்சமான ஆன்டிபயாடிக் மஞ்சள் பைக்குத்தான் போக வேண்டும்.